யாரும் காதால் கேட்காத சொல்

அவர் ரஷ்யாவுக்கே திரும்பிப் போய்விட்டார் என்று எங்கள் பழைய ஆபீஸ் எம்.டி. சொல்கிறார். பள்ளிக்கரணையில் ஏதோ அப்பார்ட்மென்ட் வாசலில் கூரியர் வாங்கிக்கொண்டு நின்றார் என்று என்னோடு வேலை பார்த்த பெண் சொல்கிறாள். கூடுவாஞ்சேரியில் அவர் குடியிருந்த வீட்டுக்காரம்மாவைக் கேட்டால், மகராசன் எங்கே இருந்தாலும் நல்லா இருக்கட்டும் என்று கையை மேலே காட்டுகிறார். அது ஆசீர்வாதமா, இல்லை ஆளே போய்ச் சேர்ந்துவிட்டாரா என்று எனக்கு விளங்கவில்லை. மூன்று பேரிடமும் சண்டை போட்டுவிட்டுத்தான் வந்தேன். நீங்களே பார்த்தீர்களா, யாராவது சொன்னார்களா, இல்லை நீங்களாக நினைத்துக்கொண்டீர்களா என்று கேட்டால் மனிதர்களுக்குக் கோபம் வருகிறது. எனக்கும் ஒரு காலத்தில் வந்தது. இந்தக் கேள்விகள் என்னுடையவை இல்லை, அவருடையவை. அவரோடு வேலை பார்த்ததில் ஒட்டிக்கொண்டுவிட்டன.

தாம்பரம் மேற்கில், மார்க்கெட்டுக்குப் போகும் சந்தில், ஒரு மொபைல் கடைக்கு மாடியில் இருந்தது எங்கள் கன்சல்டன்சி. ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கப் பிள்ளைகளை அனுப்புகிற இடம். முன் மேஜை என்னுடையது. பாஸ்போர்ட், விசா, சர்டிபிகேட் எல்லாம் பார்த்தாலும், சம்பளம் வாங்கியது என்னவோ தைரியம் சொல்வதற்குத்தான். குளிர் தாங்குவானா மேடம், சாப்பாடு ஒத்துக்குமா மேடம் என்று வருகிற பெற்றோரிடம், ஒண்ணும் ஆகாது, நாங்க இருக்கோம் என்று சொல்லி அனுப்ப வேண்டும். அதில் நான் கெட்டிக்காரி. பிளேன் ஏறும் முன் பிள்ளைகளுக்கு ரஷ்ய மொழி சொல்லித்தர ஒரு ஆள் வேண்டும் என்று எம்.டி. எங்கிருந்தோ தேடிப் பிடித்துக்கொண்டு வந்தவர்தான் சார்.

அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்துகொண்டேதான் வகுப்பு எடுப்பார். 'எங்கே வலிக்கிறது', 'மூச்சை இழுங்கள்', 'நாக்கை நீட்டுங்கள்' என்று நோயாளியிடம் பேச வேண்டியதையெல்லாம் நடந்தே சொல்லித்தருவார். கீழே மொபைல் கடைக்காரர் யாருடைய போனையாவது பிரித்துப் போட்டிருக்கும் நேரம் பார்த்து மேலிருந்து சுண்ணாம்பு உதிரும். அவர் மாடிப்படியில் பாதி தூரம் ஏறி வந்து, "இன்னா மேடம், சார் மேல குதிரை கட்டி வெச்சிருக்காரா" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போவார்.

சாருக்கு ஒரே ஒரு பைத்தியம். 'போ' என்கிற வினைச்சொல். சின்ன வயதில் ஸ்காலர்ஷிப்பில் அங்கே போய் அந்தச் சொல்லைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்திருக்கிறார். சோவியத் நாடு உடைந்தது, ஸ்காலர்ஷிப் நின்றது, ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். இது அவரே என்னிடம் சொன்னது, அதனால் தைரியமாகச் சொல்கிறேன். அதுவும் இப்போதைய ரஷ்ய மொழியின் 'போ' இல்லை. ரஷ்யன், போலிஷ், செக், பல்கேரியன் என்று இன்றைக்குத் தனித்தனியாகக் குடித்தனம் நடத்தும் மொழிகளெல்லாம் ஒரே வீட்டில் இருந்த காலம் ஒன்று உண்டாம். அந்த வீட்டின் பெயர் ஆதி ஸ்லாவியம். அந்த வீட்டில் 'போ'வை எப்படிச் சொன்னார்கள் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். கஷ்டம் என்னவென்றால், அதை யாரும் எழுதிவைக்கவில்லை. இந்த மகள் மொழிகள் எல்லாவற்றின் பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தாய் பேசியது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்ட வேண்டும். அப்படிக் கட்டிய சொல்லின் தலையில் ஒரு ஸ்டார் போடுவார்கள். இதை யாரும் காதால் கேட்டதில்லை, நாங்களாகச் சொல்கிறோம் என்று அதற்கு அர்த்தம்.

வகுப்பு முடிந்ததும் போர்டில் எழுதிப் பார்த்துக்கொண்டிருப்பார். *இதி என்றால் போக. *இதோ என்றால் போகிறேன், அந்தக் கடைசி ஓசையை மூக்கில் தள்ளிச் சொல்ல வேண்டும். *இதெஷி என்றால் போகிறாய். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு, பாத்ரூம் போகும்போதெல்லாம் மூக்கால் 'இதோ சார்' என்று கிண்டல் செய்வார்கள். அவரும் சிரிப்பார். பிறகு நடந்துகொண்டே என்னிடம் வந்து, அந்தச் சொல்லின் நடுவில் இருக்கிற 'த'வைப் பாருங்க மேடம் என்பார். வடமொழியில் 'ஏதி' என்றால் போகிறான். அந்த 'ஏ'யும் இந்த 'இ'யும் ஒரே வேர். லிதுவேனியாக்காரர்களிடமும் அதே வேர் இருக்கிறது. ஆனால் 'போகிறேன்' என்பதற்குள் இந்தத் 'த' எங்கிருந்து வந்து நுழைந்தது என்பதற்கு நல்ல பதில் இல்லை. ரொம்பப் பழைய காலத்தில் ஒருவரை ஒருவர் 'போ' என்று விரட்டிய சொல்லின் வாலாக இருக்கலாம் என்று ஒரு கட்சி. யாரோ போகச் சொன்னது, போறேன்னு சொல்றதுக்குள்ளேயே மாட்டிக்கிட்டிருக்கு என்பார். அவர் ஆராய்ச்சி நின்றுபோன இடமும் அந்தத் 'த'தான். 'போனான்' என்று வந்தால் கதை இன்னும் மோசம். அந்த வேரே காணாமல் போய், 'ஷ'வில் தொடங்கும் வேறொரு வேர் வந்து நிற்கும். அது ஆதியில் 'உட்கார்' என்ற வேரோடு ஒன்று என்று சிலர் சொல்கிறார்களாம். அப்படியானால் நீங்களும் ஒருதரம் உட்கார்ந்துதான் பாருங்களேன் சார் என்றேன். சிரித்துக்கொண்டே அந்தச் சுவருக்குப் போய்விட்டார்.

இதெல்லாம் போர்டோடு நின்றிருந்தால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அவர் அந்த ஸ்டாரைப் பேச்சிலும் போட ஆரம்பித்தார். தான் நேரில் பார்க்காத, கேட்காத எதையாவது சொல்ல நேர்ந்தால், வலது கை விரல்களை நெற்றிப் பக்கம் குவித்து மெல்ல விரிப்பார். செங்கல்பட்டு வண்டி வருதா சார் என்று கேட்டால், வருதுன்னு மைக்ல சொன்னாங்க என்று விரலை விரிப்பார். தான் சொல்வதற்கு மட்டும் என்றாலும் பரவாயில்லை. நான் ஒரு அப்பாவிடம், ஹாஸ்டல்ல நம்ம ஊர் சாப்பாடே கிடைக்கும் சார், சாம்பார்கூட உண்டு என்று அள்ளி விட்டுக்கொண்டிருப்பேன். அந்த அப்பாவின் பார்வை என் தலைக்கு மேலே போகும். திரும்பிப் பார்த்தால் இவர் பின்னால் நின்று விரலை விரித்துக்கொண்டிருப்பார். சாருக்கு நரம்பு வலி என்று சமாளிப்பேன். எம்.டி. கூப்பிட்டு எச்சரித்தார். ஆபீஸ் முழுக்க ஸ்டார் சார் என்று பெயர் வைத்தோம். கை மட்டும் நிற்கவில்லை. அது அவர் வேண்டுமென்று செய்ததில்லை என்று எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. தன் பங்குக்கு ஒரு பொய்கூட உலகத்தில் சேர்ந்துவிடக் கூடாது என்று அந்த மனிதர் சதா தவித்துக்கொண்டிருந்தார்.

என் அப்பா இறந்தபோது கல்லறைத் தோட்டத்துக்கு வந்திருந்தார். போதகர் பெட்டியருகே நின்று, நம் சகோதரர் இப்போது ஆண்டவருடைய மார்பில் இளைப்பாறுகிறார் என்று சொன்னார். எனக்குப் பக்கத்தில் நின்ற சாரின் கை மேலே எழும்ப ஆரம்பித்தது. அழுதுகொண்டிருந்த நான் அப்படியே அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டார். அடக்கம் முடிகிற வரை வெளியே எடுக்கவில்லை. மண் போட மட்டும் இடது கையை நீட்டினார். எல்லோரும் கலைந்த பிறகு என்னிடம் வந்து, "மன்னிச்சிடுங்க மேடம். உங்கப்பா ஆபீஸ் வாசல்ல என்னைப் பாக்குறப்பல்லாம் சாப்டீங்களா தம்பின்னு கேப்பார். அது நான் கேட்டது" என்றார். அன்றைக்கு எத்தனையோ பேர் என்னென்னவோ சொன்னார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது இந்த ஒன்றுதான்.

சாயங்காலம் ஸ்டேஷன் வரை ஒன்றாக நடப்போம். அவர் கூடுவாஞ்சேரி வண்டி, நான் குரோம்பேட்டை. மேம்பாலத்தில் கூட்டம் தள்ளும்போதும் அவர் பேச்சு நிற்காது. ஒருநாள், அந்தப் பழைய மொழியில் நாம் இருவர் மட்டும் போகிறோம் என்பதற்கே தனியாக ஒரு வடிவம் உண்டு என்றார். *இதெவே. மூன்று பேர் ஆகிவிட்டால் செல்லாது, ஒருத்தர் தனியாக நடந்தாலும் செல்லாது. ரஷ்ய மொழி அதைத் தொலைத்துவிட்டது, ஸ்லோவேனியாவில் அதன் வாரிசு இன்னும் இருக்கிறது. நீங்கள் யாரிடமாவது சொன்னதுண்டா என்று சும்மா கிண்டலுக்குக் கேட்டேன். அங்கே ஒருத்தரோடு தினமும் ஆற்றங்கரையில் நடப்பேன், அவங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கேன் என்றார். இப்போ அவங்க எங்கே என்றேன். படியில் இறங்கிக்கொண்டே நெற்றிப் பக்கம் விரலை விரித்தார்.

இப்போது ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்பவர். கணவர் இல்லை, ஒரே மகன். எங்கள் மூலமாகப் போய் வோல்கா ஆற்றங்கரை ஊர் ஒன்றில் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். திடீரென்று அவன் போன் வருவது நின்றது. வாட்ஸப்பில் அனுப்பினால் ஒரு டிக்கோடு நிற்கிறது. அந்த அம்மா ஷிப்ட் முடிந்ததும் நேராக ரயிலேறி எங்கள் மாடிக்கு வந்துவிடுவார். கையில் வெங்காய வாசனை போயிருக்காது. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். மகன் உயிரோடு இருக்கிறானா.

பரீட்சை நேரம், போனெல்லாம் வாங்கி வைத்திருப்பார்கள் என்று சொல்லச் சொன்னார் எம்.டி. சொன்னேன். இன்றைக்கும் சொல்வேன், ஒரு தாய் இருட்டுகிற நேரத்தில் தனியாக ரயிலில் திரும்பிப் போக வேண்டுமென்றால், பிடித்துக்கொள்ள ஏதாவது கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். ஆனால் அந்த அம்மாவின் கண் என் தலைக்கு மேலே போனது.

"சார் இன்னா கை காட்றாரு?"

நரம்பு வலி என்றேன்.

"எனுக்கும்தான் நரம்பு வலி கீது. நான் இப்டியா காட்றேன்?"

சார் அந்த அம்மாவுக்கு விளக்கினார். நடந்துகொண்டேதான். மகள்களின் பேச்சை வைத்துத் தாயின் பேச்சைக் கட்டுவது, ஸ்டார் போடுவது எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "அப்ப பரீட்சை நடக்குதுன்னு நீ காதால கேட்டியா மேடம்?" என்றார். எனக்கு அங்கேயே சாரை ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டால் என்ன என்று இருந்தது. அவர் பாட்டுக்குப் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். ஹாஸ்டலுக்குப் போட்டு, வாசலில் சாவி வாங்கி வைக்கிற கிழவியோடு ரஷ்ய மொழியில் ரொம்ப நேரம் பேசினார். திரும்பி வந்து, பையன் போய்விட்டான் என்று அவள் சொன்னதாகச் சொன்னார். கம்பளியை மடித்துக் கொடுத்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனானாம். எங்கே போனான் என்று அந்த அம்மா கேட்டார். அது அவளுக்கும் தெரியவில்லை என்றார்.

அன்று தொடங்கிய நடை ஓயவில்லை. அந்த ஊரில் படிக்கிற, தன்னிடம் படித்துவிட்டுப் போன பிள்ளைகள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டார். அவர்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களைக் காதில் ஒட்டிக்கொண்டு மாடி முழுக்க நடந்தார். ஒருத்தன், மீன் கிடங்கில் வேலைக்குப் போய்விட்டான் என்றான். இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். மூன்று பேர் சொல்லிவிட்டார்களே, அந்த அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லட்டுமா என்று பறந்தேன். அவர் விடவில்லை. மூணும் ஒரே வார்த்தை மேடம், ஒருத்தன்கிட்ட இருந்து மத்தவன் கடன் வாங்கியிருக்கான், மூணையும் ஒண்ணாத்தான் எண்ணணும் என்றார். இவர்களோடு பேச்சுவார்த்தையே இல்லாத ஒரு பெண், வேறு ஹாஸ்டல், அவன் பெரிய பையோடு ரயில்வே ஸ்டேஷனில் நின்றதைப் பார்த்தேன் என்றாள். முந்தின பரீட்சையில் அவன் பெயர் தேறியவர்களில் இல்லை என்று ஒரு வாத்தியாரிடமிருந்து கேட்டு வாங்கினார். பிள்ளைகளின் மெசேஜ்கள் முரண்பட்ட இடத்தையெல்லாம் விட்டுவிட்டு, ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாதவர்கள் ஒத்துப்போகிற இடத்தை வைத்துக்கொண்டார்; மீன் கிடங்கை மட்டும், வேறு பதில் கிடைக்காததால், அரைமனதாகச் சேர்த்தார். முப்பது வருஷமாக 'போ'வுக்குச் செய்ததை அந்தப் பையனுக்குச் செய்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அத்தனை வேகத்தில் நடந்துகொண்டிருந்த மனிதர், எல்லாம் சேர்ந்த பிறகு அந்த அம்மாவைக் கண்டால் மட்டும் வகுப்புக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கையில் இருப்பதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று சண்டை போட்டேன். இது நான் கட்டினது மேடம், ஒரு வார்த்தை தப்பாப் போனா புஸ்தகத்துல அடிச்சு எழுதிக்கலாம், அவங்ககிட்ட அப்படி எழுத முடியுமா என்றார். நாங்கள் கத்தியது வெளியே கேட்டிருக்கிறது. அந்த அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அழவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நடந்துகொண்டிருந்தவரின் முன்னால் போய் வழியை மறித்து நின்றார்.

"நீ கேட்டியோ கேக்கலியோ, வூட்ல போய் வெச்சிக்கினு இருக்க எனுக்கு ஒண்ணு வோணும். ஸ்டாரோடயே குடு சார்."

சார் கொடுத்தார். பையன் உயிரோடு இருக்கிறான். பரீட்சையில் தோற்றுவிட்டான், உங்களுக்குச் சொல்ல வெட்கப்பட்டுப் படிப்பை விட்டுவிட்டான், வேறு ஊருக்கு ரயிலேறி மீன் கிடங்கு ஒன்றில் வேலை செய்கிறான். சாகப் போகிறவன் கம்பளியை மடித்துக் கொடுத்துவிட்டு, பெரிய பையோடு ஸ்டேஷனுக்குப் போகமாட்டான். சொல்லி முடிக்கும் வரை விரல்கள் நெற்றிப் பக்கம் விரிந்தே இருந்தன. அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்.

அதற்குப் பிறகும் வருவார். என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, "புள்ள இந்நேரம் சாப்ட்டிருப்பான்" என்பார். சொல்லிவிட்டு, சார் மாதிரியே விரலைக் குவித்து விரிப்பார். குளிருக்கு எதுனா வாங்கியிருப்பான், விரல். மீன் வாசனை அவனுக்குப் புடிக்காது, அதற்கு மட்டும் விரல் இல்லை, அது அவருக்கே தெரிந்தது. சார் அந்தப் பக்கமே திரும்பமாட்டார். நடை மட்டும் இரண்டு மடங்காகும்.

காத்திருந்த மற்ற பெற்றோர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள். படிப்பை விட்டு ஓடுகிற பிள்ளைகளும் உண்டா என்று கேட்க ஆரம்பித்தார்கள். எம்.டி. சாரைக் கூப்பிட்டு, அடுத்த பேட்சுக்கு வேறு ஆள் பார்த்துவிட்டேன் என்றார். சார் தன் குடையையும் மார்க்கர் பேனாக்களையும் எடுத்துக்கொள்ள ஒரு மத்தியான நேரம் வந்தார். எடுத்துக்கொண்டு உடனே போயிருக்கலாம். போர்டில் *இதோ இருந்தது, அதை அழிப்பதா வேண்டாமா என்று அதன் முன்னால் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. அந்த அம்மா கேன்டீன் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ரயிலேறி வந்திருந்தார். மூச்சு வாங்க என்னைத் தாண்டிப் போய், கையிலிருந்த போனை சாரிடம் நீட்டினார். காலையில் அவரைக் கூப்பிட்டுப் பேசிய மகன் திரும்பவும் லைனில் இருக்கிறான்.

"கேளு சார். நீயே உன் காதால கேளு."

வாங்கிக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. சார் கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார், மீன் கிடங்கா என்று. பதிலைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கை இன்னதென்று என்னால் சொல்ல முடியவில்லை.

"பேக்கரியாம் மேடம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "நான் தப்பாப் போட்டிருக்கேன். பேக்கரியாம்." சிரித்தார், கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "முப்பது வருஷமா எத்தனை ஸ்டார் போட்டிருப்பேன். ஒண்ணுகூட இப்படித் திரும்பக் கூப்பிட்டு, நீ சொன்னது தப்புன்னு சொன்னதில்ல."

சொல்லும்போதே பழக்க தோஷத்தில் வலது கை நெற்றிக்கு எழும்பி விரல்கள் விரியத் தொடங்கின. அந்த அம்மா எட்டி அந்தக் கையைப் பிடித்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து மூடிக்கொண்டார். சார் அப்படியே நின்றார். போனில் பையன் அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது இப்போது எனக்கும் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து மொபைல் கடைக்காரர் படியேறி வந்தார், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு. வழக்கமாகப் பாதிப் படியில் நிற்பவர் அன்றைக்கு மேலே வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், மேல சத்தமே காணோம். சார் கீறாரா, போயிட்டாரா?"

இருக்கார் என்றேன். அவரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.